வில்லோ ஓடைத் துறையை விட்டது யார்

என் சத்திரத்து நீள மேஜையில் வில்லோ ஓடைச் சண்டை நடக்காத வாரமே கிடையாது. நிஜச் சண்டை எப்போதோ முடிந்து, சமாதானம் கையெழுத்தாகி, ராஜாவின் செஞ்சட்டைச் சிப்பாய்கள் கப்பலேறிப் போய் வருஷக்கணக்கு ஆகியிருந்தது. எங்கள் ஊர் ஆண்களுக்கு மட்டும் அது முடியவில்லை. ஆப்பிள் சைடர் குவளைகளை எதிரிப் படை என்பார்கள். புகைக்குழாய்களை வரிசையாக வைத்து இதுதான் ஓடை என்பார்கள். என் உப்புக் கிண்ணத்தை எடுத்து நடுவில் வைத்து, இதுதான் ஜெனரல் ஹேலட் என்பார்கள். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து அந்த உப்புக் கிண்ணத்தைக் கரித்துக்கொட்டுவார்கள். மேஜையைத் துடைக்கிற வேலை என்னுடையது.

கரித்துக்கொட்டுவதில் முதல் ஆள் கேப்டன் ரூட். மாவு மில்காரர். எங்கள் பக்கத்தில் கேப்டனைச் சிப்பாய்களே கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். ரூட் ஜெயித்தது வீரத்தால் அல்ல. அன்றைக்கு ஒரு பீப்பாய் ரம் அவர் செலவு. பீப்பாய் வாங்கியதே என்னிடம்தான், எனக்குத் தெரியாதா? அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். ஹேலட்டுக்குப் படை நடத்தத் தெரியாது; ஓடையில் இறங்கிக் கடக்கக்கூடிய ஒரே துறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய பையன்களை நிறுத்திவிட்டுப் பெரும்படையை மேட்டில் வைத்திருந்தார்; செஞ்சட்டைக்காரன் அந்த வழியாக வந்து பையன்களைக் குத்திக் கிழித்தான்.

எங்கள் சபை மூப்பர் டீக்கன் கிரேன் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஹேலட் எத்தனை சண்டையில் தோற்றார் என்று எண்ணாதீர்கள், எத்தனை தடவை படையைக் காப்பாற்றினார் என்று எண்ணுங்கள் என்பார். ஓடையில் தோற்றார், சரி. ஆனால் அன்று மாலைக்குள் படையை மலைக்கு அந்தப்பக்கம் இறக்கிவிட்டார். எதிரியைத் தன் பின்னாலேயே ஓடவைத்து, தின்ன ஒன்றும் கிடைக்காத காட்டுக்குள் இழுத்துப்போய், பனிக்காலத்தில் விட்டுவிட்டார். வசந்தம் வந்தபோது எதிரியிடம் வண்டி இழுக்கக் குதிரை இல்லை. ஒரு நாள் சண்டையில் கோட்டைவிட்டாலும் ஒரு வருஷ யுத்தத்தில் கோட்டைவிடாத மனுஷன் என்பார் டீக்கன். இப்படியே என் மெழுகுவர்த்தி தீரும்வரை பேசுவார்கள்.

இந்தப் பேச்சு முழுவதும் யாருடைய பிள்ளையைப் பற்றியது என்று ஒருவரும் யோசித்ததில்லை. அந்தத் துறையில் செத்தவர்களில் ஒருவன் என் சிநேகிதி ஜெரூஷாவின் மகன் லெமுவேல்.

ஜெரூஷா பிஸ்ஸெலை நாங்கள் இருவரும் பாவாடை மண்ணில் புரள நடந்த வயதிலிருந்து அறிவேன். நெசவுக்காரர் வீட்டுப் பெண். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். பிரசங்கம் நீண்டால் கடைசி வரிசையிலிருந்து மெல்ல ஒரு கொட்டாவிச் சத்தம் கேட்கும். பாதிரியார் திரும்பிப் பார்க்கும்போது அவள் முகத்தில் பரிசுத்த ஆவி குடியிருக்கும். கல்சுவர் கட்டுகிற ஆசகேலைக் கட்டிக்கொண்டாள். ஆசகேல் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவள் பேசினாள். நல்ல குடும்பம்.

பிறகு ஒரு பனிக்காலத்தில் தொண்டைநோய் வந்தது. மூன்று பிள்ளைகளை ஒரே குழியில் வைத்தார்கள், தரை அவ்வளவு இறுகிப்போயிருந்தது. மிஞ்சியவன் லெமுவேல் ஒருத்தன்தான். அவனை அவள் வளர்த்ததை வளர்ப்பு என்று சொல்ல முடியாது, காவல் காத்தாள். ஆற்றில் இறங்காதே, மரத்தில் ஏறாதே, இருமாதே. அவன் சிரிப்பான். அம்மாவின் வாய் அவனுக்கும் வந்திருந்தது. யுத்தம் வந்து, கேப்டன் ரூட்டின் கீழ் ஊர்ப் படைக் கம்பெனி மூன்று மாதத் தவணைக்குப் புறப்பட்டபோது அவனும் பெயர் கொடுத்தான். ஜெரூஷா தடுக்கவில்லை. அவன் அப்பா கூடவே போகிறார் அல்லவா, அந்தத் தைரியம்தான். புறப்படும்போது ஆசகேலின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "எனக்கு நாடு வேணாம், ஒண்ணும் வேணாம். அவனைத் திருப்பிக் கூட்டிட்டு வாங்க, அது போதும்."

தவணை முடிந்து கம்பெனி திரும்பியது ஒரு சனிக்கிழமை. அவரைக்கொட்டைப் பானை அடுப்பில் இருந்தது. மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள். ஆசகேல் தனியாக வந்தார். பையன் இன்னும் அரை வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான், ஜெனரல் விடவில்லை என்றார். அவள் மூன்றாவது தட்டை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, திட்டித் தீர்த்துவிட்டு, அவனுக்குக் காலுறை பின்ன உட்கார்ந்தாள். காலுறை முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பிரசங்கத்தில் கொட்டாவிச் சத்தம் கேட்கவே இல்லை. பாதிரியாருக்கே அது வருத்தம் என்று நினைக்கிறேன்.

அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது: என் பிள்ளை ஏன் செத்தான்? ஊர் ஆண்கள் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். ஜெனரலின் முட்டாள்தனம். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வேலை செய்யும்போது, பால் கறக்கும்போது, பாலாடைக்கட்டி பிழியும்போது, அந்த ஹேலட்டைச் சபித்துக்கொண்டே இருப்பாள். எனக்குக்கூட, சரி, அழுவதைவிட இது மேல் என்று தோன்றியது.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் வடக்குச் சபைப் பகுதியைத் தனி ஊராகப் பிரிக்க அனுமதி கிடைத்தது. புது ஊருக்குப் பெயர் வேண்டும். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும். டீக்கன் கிரேன் ஜெனரல் ஹேலட்டின் பெயரை வைக்கலாம் என்றார். மேஜைச் சண்டை ஒரேயடியாக ஊர்ச்சண்டை ஆகிவிட்டது.

ஜெரூஷா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"தபித்தா, எம் பையனைக் கொன்னவன் பேர்ல நான் குடியிருக்கணுமா? சந்தையில யாராவது எந்த ஊர்மான்னு கேட்டா, நான் அவன் பேரைச் சொல்லணுமா?"

பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அதனால் அவள் ஆசகேலைத்தான் பிடித்தாள். கூட்டத்தில் எழுந்து நின்று பேசுங்கள், பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன் பேசினால் ஊர் கேட்கும் என்று நாளும் பொழுதும் கெஞ்சினாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்த மனுஷனை மரக்கட்டை என்று நானே ஒரு நாள் முகத்துக்கு நேரே சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு காலைநேரத்தில் என் சத்திர வாசலில் ஒரு வண்டி நின்றது. குதிரைக்கு லாடம் கழன்றுவிட்டது. இறங்கியவர் ஒரு கிழவர். ஒரு கால் இழுத்து நடந்தார். பல் போய்விட்டதால் ரொட்டியைச் சூடான பாலில் ஊறவைத்துக் கேட்டார். மகள் வீட்டுக்குப் போகிற வழியாம். வண்டிக்காரன்தான் என்னை வெளியே கூப்பிட்டுக் காதில் சொன்னான், உள்ளே இருப்பது ஜெனரல் ஹேலட் என்று. இத்தனை வருஷம் நான் ஒரு ராட்சசனை மனத்தில் வைத்திருந்தேன். அவர் பால் கிண்ணத்தில் ரொட்டியை ஒவ்வொரு துண்டாக நசுக்கிக்கொண்டிருந்தார்.

நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அன்றைக்கு ஆசகேல் என் அடுப்படிக் கல்லைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதே வேளையில் ஜெரூஷா வழக்கம்போல் பாலாடைக்கட்டிக் கூடையோடு வந்துவிட்டாள். வண்டிக்காரன் அவளிடமும் பெருமையடித்திருக்கிறான். அவள் நேரே கிழவர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்கதானே ஜெனரல் ஹேலட்?"

"ஆமாம்மா."

"வில்லோ ஓடைத் துறையில செத்த லெமுவேல் பிஸ்ஸெலோட அம்மா நான். அந்த எடத்துல ஏன் போதுமான ஆள் வைக்கலை? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். இதே ஊர்தான் என்றாள். உங்கள் வீட்டுக்காரரும் படையில் இருந்தாரா என்று கேட்டார். அதோ, அவர்தான் என்று அடுப்பைக் காட்டினாள். ஆசகேல் எங்களுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தார். திரும்பவில்லை. கிழவர் அந்த முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பால் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

"யாரை எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சாத்தான்மா அவன் தளபதி," என்றார் பிறகு. "அந்தத் துறைக்கு நான் போட்ட கணக்கு தப்பு. தப்பு என்னோடதுதான்."

"அவ்வளவுதானா?"

"உங்க பையன் நின்ன எடத்தை விட்டு நகரலை. அவனும் அவன்கூட நின்னவங்களும் தாக்குப்பிடிச்ச நேரத்துலதான் மத்த படையை மலையேத்தினேன். அவங்க இல்லைன்னா அன்னைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"என்னால உங்களை மன்னிக்க முடியாது, ஐயா."

"வேணாம்மா," என்றார் அவர். "மன்னிக்க வேணாம்."

அவள் போய்விட்டாள். அவர் பாலைக் குடிக்காமலேயே கிளம்பினார். ஆசகேல் அடுப்புக் கல்லை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். எவ்வளவு கைதேர்ந்தவர் அவர்! இதற்குமுன் ஒரு கல்லை இரண்டாம் தடவை தொட்டு நான் பார்த்ததில்லை. என்னய்யா ஆச்சு உமக்கு என்றேன். எனக்கும் அப்போது விளங்கவில்லை, மண்டு நான்.

ஜெரூஷாவுக்கு அந்த வாரம் நடையே மாறிவிட்டது. ஜெனரல் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டார். இனி யார் அந்தப் பெயரை வைப்பார்கள்? கூட்டத்தன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் நடந்த ஜெபவீட்டு வாசற்படியில், கதவைப் பாதி திறந்துவைத்து இருவரும் நின்றோம். வெளியே பனி உருகிக் கணுக்கால்வரை சேறு.

டீக்கன் கிரேன் ஆரம்பித்தார். காடு, பனி, குதிரை எல்லாம் சொன்னார். பிறகு கேப்டன் ரூட் எழுந்தார். ஒரு பெரிய யுத்தத்தை நடத்தத் தெரிந்தவர் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு சின்ன ஓடைக்கரையைக் காக்கத் தெரியாதவருக்கு எதற்கு மரியாதை என்றார். அந்தத் துறையைக் காலியாக விட்டதை ஜெனரலே போன வாரம் இதே ஊரில் ஒத்துக்கொண்டதாகச் சொன்னார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஜெரூஷா என் கையை நெரித்தாள்.

அப்போது ஆசகேல் எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து யாரும் பார்த்ததில்லை. ஜெரூஷா கண்ணை மூடிக்கொண்டாள், கடவுளுக்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"துறையை அவரு காலியா விடலை," என்றார் ஆசகேல். "நம்மகிட்டதான் கொடுத்தாரு. நம்ம கம்பெனி முழுசும் அங்கதான் நின்னுச்சு."

ரூட்டின் முகம் தொங்கிவிட்டது. "ஆசகேல், உக்காரு."

"உக்காந்தே இத்தனை வருஷத்தை ஓட்டிட்டேன், கேப்டன்."

பிறகு அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பேசிப் பழக்கமில்லாத மனுஷன், ஒவ்வொரு வார்த்தையையும் கல்லைத் தூக்குவதுபோல் தூக்கிவைத்தார். சண்டை நடந்த அன்று விடிந்தபோது மூன்று மாதத் தவணை முடிந்துவிட்டது. எதிரி அக்கரை மரங்களுக்குள் வந்துவிட்டான் என்று தெரியும். ஜெனரல் குதிரையில் வந்தார். ஒரே ஒரு நாள் நில்லுங்கள் என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கம்பெனி என்ன செய்தது? எங்கள் ஊர் எப்போதும் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. ஓட்டெடுத்தது. நிற்பவர்கள் கை தூக்குங்கள், போகிறவர்கள் கை தூக்குங்கள். ஒப்பந்தம் மூன்று மாதம், மூன்று மாதம் முடிந்தது, இதில் ஒருவரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. போவது என்று முடிவாயிற்று. மூட்டையைக் கட்டி, வரிசையாக, மரியாதையாக நடந்தார்கள்.

எதிரி அக்கரையில் நிற்கும்போது நின்று ஓட்டெடுக்கிற புத்தி இந்த உலகத்தில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு வரும்! ஹேலட் எதிரியை எடைபோட்டார், மலையை எடைபோட்டார், பனியைக்கூட எடைபோட்டார். எங்கள் ஊர்க்காரர்களை எடைபோட அவருக்குத் தெரியவில்லை. தவணை முடிகிற நாளில் எங்களை நம்பித் துறையைக் கொடுத்தாரே, அது ஒன்றுதான் அவர் செய்த பிழை. அதைத்தான் என் சத்திரத்தில் அவர் ஒத்துக்கொண்டார். பொய் சொல்லவில்லை. அந்த மண்டியிட்ட முதுகுக்காக மீதியைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான்.

"நிக்கறோம்னு கை தூக்கினது ஒரு சிலபேர்," என்றார் ஆசகேல். "எம் பையன் அதுல ஒருத்தன். நான் எதுக்குத் தூக்கினேன்னு சொல்லணுமா?"

அங்கே உட்கார்ந்திருந்த ஆண்களில் பாதிப்பேர் அந்தக் கம்பெனியில் இருந்தவர்கள். ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. இத்தனை வருஷம் என் மேஜையில் உப்புக் கிண்ணத்தைத் திட்டியவர்கள்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெயருக்கு ஓட்டெடுத்தார்கள். எதிர்த்து ஒரு கை எழவில்லை. ஊர் அன்றிலிருந்து ஹேலட் ஆனது.

நான் திரும்பிப் பார்த்தபோது ஜெரூஷா படியில் இல்லை. சேற்றில் இறங்கித் தன் மேப்பிள் தோப்பைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். மரங்களில் பாகு காய்ச்சும் இனிப்புச் சாறு வடிகிற பருவம். காய்ச்சாமல் விட்டால் அடுத்த நாளே புளித்துவிடும். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் போய்க் கொப்பரைக்கு அடியில் விறகு தள்ளினாள், நீளக் கரண்டியை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தாள். அவள் வாய் அடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. நானும் அழுதுகொண்டே விறகு எடுத்துக் கொடுத்தேன்.

கொஞ்சநேரத்தில் ஆசகேல் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொப்பரைக்கு அந்தப்பக்கம் நின்றார்.

"அரை வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டான்னு சொன்னீங்களே," என்றாள், அவரைப் பார்க்காமல்.

"போடலை."

"ஏன் இழுத்துட்டு வரலை?"

"கூப்பிட்டேன். நீங்க போங்கப்பா, நாளைக்கு வழியில வந்து பிடிச்சுக்கறேன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்."

"சுட்ட சத்தம் கேட்டுச்சா?"

அவர் தொப்பியின் விளிம்பைத் திருகினார். பிறகு, ஊருக்குத் திரும்பும் வழியில் மேடேறும்போது கேட்டது என்றார்.

"கேட்டும் நடந்தீங்க."

"எல்லாரும் நடந்தாங்க. தவணை முடிஞ்சிருச்சு, ஜெரூஷா."

"அவனுக்கும்தானே முடிஞ்சுது."

பனியும் சேறுமாக இருந்த தரையில் ஆசகேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்பு, பிடிக்க ஆளில்லாமல் பக்கவாட்டில் சாய்ந்து, இரண்டு கையையும் சேற்றில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து அழுதார். நான் விறகைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கப் போனேன்.

"விடு தபித்தா," என்றாள் ஜெரூஷா. "அவரா எந்திரிக்கட்டும்."

நான் நின்றுவிட்டேன். அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. அதுவரை அவள் பாகைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.